குடிக்காதவரின் கல்லீரலில் கொழுப்பு: அறிக்கையில் பார்க்க வேண்டிய எண் எது?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் தம் கணவரைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். கணவருக்கு வயது 47. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சுழல்முறை வேலை. வேலையிடத்தில் ஏற்பாடு செய்த உடற்பரிசோதனையில் வயிற்று ஸ்கேன் எடுத்து, 'ஃபேட்டி லிவர், கிரேட் 2' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையை நீட்டியவர், "பயப்பட ஒன்றுமில்லை, உடம்பைக் குறையுங்கள்" என்று அரை நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார். கணவர் மதுவைத் தொட்டதே இல்லை. இருந்தும் நாத்தனார் வீட்டில், "நமக்குத் தெரியாமல் குடிக்கிறாரோ" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. மாமியார் கீழாநெல்லிச் சாறு கொடுக்கச் சொல்கிறார். இது எந்த அளவுக்கு ஆபத்து, எதனால் வந்தது, மருந்து உண்டா, பதினான்கு வயது மகனுக்கும் வருமா என்பவை சகோதரியின் கேள்விகள். ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்களையும் அனுப்பியிருக்கிறார். ஜார்ஜ்டவுனில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். வாரம் தவறாமல் என் முன்னால் வந்து அமரும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குடிப் பேச்சை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வீட்டில் அதிகம் வலிப்பது அதுதான். என் பெரியப்பா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். இருபது ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு, அவருக்கு. கள்ளுக்கடைப் பக்கம் கால் வைக்காத மனிதர். வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்து, கல்லீரல் சுருங்கித்தான் இறந்தார். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று, "எவ்வளவு நாளாகக் குடித்தாரோ" என்று பேசிக்கொண்டது பெரியம்மாவின் காதில் விழுந்தது. அவர் சாகும்வரை அந்தச் சொல்லை மறக்கவில்லை. நான் மருத்துவம் படித்த பிறகுதான் பெரியப்பாவுக்கு நேர்ந்தது என்னவென்று எனக்கே விளங்கியது. மது அருந்தாதவர்களின் கல்லீரலிலும் குடிகாரர்களின் கல்லீரலில் காண்கிற அதே கொழுப்பும் அழற்சியும் தழும்பும் இருப்பதை, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்குறியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 20 நோயாளிகளின் கல்லீரல் துணுக்குகளை ஆராய்ந்து 1980-இல் எழுதினார்கள். இந்த நோய்க்கு அதுவரை ஒரு பெயர்கூட இல்லை என்று அவர்கள் அப்போது குறிப்பிட்டார்கள். 'மது சாராத' என்ற அடைமொழி அன்று ஒட்டிக்கொண்டதுதான்.

ஒரு நோயை எதனால் வரவில்லை என்பதைக் கொண்டு அழைப்பது போதாது என்பதாலும், அந்தப் பெயரே நோயாளிகளின் மீது ஒரு சந்தேக நிழலைப் போடுகிறது என்பதாலும், உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் 2023-இல் பெயரை மாற்றிவிட்டன. வளர்சிதைமாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்பது இப்போதைய பெயர். பெயர் நீளமானாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கல்லீரலில் கொழுப்பு இருந்து, மதுவோ வேறு கல்லீரல் நோயோ அதற்குக் காரணமாக இல்லாமல், ஆசியர்களுக்கான கணக்கில் உடல் நிறைக் குறியீடு 23 அல்லது அதற்கு மேல், தொப்பை, ரத்தச் சர்க்கரை ஏற்றம், 130/85-ஐ எட்டிய ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1.7-ஐ எட்டுவது, நல்ல கொழுப்பு குறைவது ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் இந்தப் பெயர் பொருந்தும். உங்கள் கணவருக்கு எடை 84 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், அதாவது குறியீடு ஏறத்தாழ 30. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90 தான் எல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 விழுக்காடு, மலேசிய வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை இனிப்புநீரின் முந்தைய நிலை, 6.3-ஐத் தொட்டால் இனிப்புநீர். ரத்த அழுத்தம் 138/86, டிரைகிளிசரைடு 2.4. ஒன்று இருந்தால் போதும் என்ற இடத்தில் ஐந்து இருக்கின்றன. இந்தத் தாளை நாத்தனாரிடம் காட்டலாம்; கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தேட ஒளித்து வைத்த புட்டி எதுவும் தேவையில்லை.

இந்த ஐந்தும் கல்லீரலில் எப்படிப் போய் முடிகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பிறகு சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லப்போவது கட்டளையாகத் தோன்றாது. வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் கல்லீரல், குடலிலிருந்து வரும் சத்தையெல்லாம் முதலில் வாங்கிப் பிரித்து அனுப்பும் உறுப்பு. கொழுப்பைச் சேமிக்கும் இடம் அதுவன்று. அதற்குத் தோலடிக் கொழுப்புத் திசு இருக்கிறது. அந்தத் திசு கொள்ளுமளவு கொண்டுவிட்டு, இன்சுலினின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் போகும்போது, கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் ரத்தத்தில் கசிந்து கல்லீரலுக்கு வந்து சேர்கின்றன. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு தடம் பிடித்துப் பார்த்த ஆய்வொன்று 2005-இல் வெளிவந்தது. அதன்படி 59 விழுக்காடு உடற்கொழுப்பிலிருந்து கசிந்து வந்தது. 26 விழுக்காடு, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு கல்லீரல் தானே தயாரித்துக்கொண்டது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 விழுக்காடு மட்டுமே.

"டாக்டர், நான் சுத்த சைவம், எண்ணெய்ப் பலகாரம்கூடத் தொடமாட்டேன், எனக்கு எப்படிக் கொழுப்பு?" என்று திகைத்துக் கேட்பவர்களுக்கு அந்த 26 விழுக்காடுதான் விடை. கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் ஒருவர் தம் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து எனக்குக் காட்டினார். மூன்று அடுக்கில் இரண்டு அடுக்கு வெள்ளைச் சோறு. மூன்றாவதில் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். ஓரத்தில் ஒரு கரண்டி கீரை. துளி இறைச்சி இல்லை, நெய்கூட இல்லை. ஆனால் அவருடைய கல்லீரல் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு அடுக்குச் சோற்றின் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றிக்கொண்டிருந்தது. சர்க்கரையில் பாதியாக இருக்கும் ஃபிரக்டோஸ் இன்னும் நேரடியாகக் கல்லீரலுக்கே சென்று அங்கேயே கொழுப்பாகிறது.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. தெற்காசிய உடல்வாகில் கை கால் ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் பார்வைக்குக் குண்டாக இல்லாத ஒருவருக்கும் இந்த நோய் இருக்கலாம். பரம்பரையும் சேர்ந்துகொள்கிறது; பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம் கல்லீரலில் கொழுப்பைத் தேக்கி வைக்கிறது என்பது 2008-இல் தெரியவந்தது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மலாய்க்காரர்களில் 22, சீனர்களில் 15.1. மூன்றில் ஒருவருக்கு அருகில் என்றால், ஒரு கல்யாணப் பந்தியில் வரிசையாக அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கொழுப்புக் கல்லீரலும் அதே வேரிலிருந்து முளைப்பது.

இப்போது உங்களை உறங்கவிடாத அந்தச் சொல்லுக்கு வருகிறேன்: 'கிரேட் 2'. ஸ்கேன் அறையில் நடப்பதைச் சொன்னால் அதன் மதிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வலப்பக்கம் களிம்பு தடவி கருவியை அழுத்தும்போது, திரையில் கல்லீரலும் அதன் கீழே வலது சிறுநீரகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நலமான கல்லீரல் சிறுநீரகத்தைப் போன்ற சாம்பல் நிறத்திலேயே இருக்கும். கொழுப்பு ஏற ஏற ஒலி அலைகள் சிதறி, கல்லீரல் தேங்காய்ப்பால் ஊற்றியதுபோல் வெளுத்துத் தெரியும். சிறுநீரகம் பழைய நிறத்திலேயே நிற்கும். சற்று வெளுத்தால் கிரேட் 1. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களின் விளிம்புகள் மங்கினால் கிரேட் 2. குழாயும் தெரியாமல் உதரவிதானமும் தெரியாமல் வெண்மை மூடிவிட்டால் கிரேட் 3. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து மாறக்கூடிய மதிப்பீடு இது. கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு இருந்தாலே நோய் என்று கணக்கு. ஆனால் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டும் வரை சாதாரண ஸ்கேனில் அது சரியாகப் பிடிபடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த கிரேட் கொழுப்பின் அளவை மட்டும் சொல்கிறதே தவிர, கல்லீரலுக்குச் சேதம் ஏற்பட்டிருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. கிரேட் 3 இருந்தும் துளித் தழும்பில்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் முற்றிய நிலையிலோ கொழுப்பு கரைந்து, ஸ்கேனில் வெண்மை குறைந்துகூடத் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வி தழும்பு பற்றியது. கொழுப்பு நிறைந்த செல்கள் சிலருக்கு அழற்சி கொள்கின்றன. புண் ஆறுவதைப் போல அந்த இடத்தில் நார் படிகிறது. அந்த நார்த் தழும்பு பூச்சியத்திலிருந்து நான்கு வரை ஐந்து நிலைகளாக அளக்கப்படுகிறது. நான்காவது நிலை சிரோசிஸ். வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவர்களுக்குத் தழும்பு ஒரு நிலை ஏறச் சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சி உள்ளவர்களுக்கு 7 ஆண்டுகளும் ஆவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கடைசி நிலைக்குப் போவதே இல்லை. போகிற சிலர் யார் என்று முன்கூட்டியே கண்டுகொள்வதில்தான் மருத்துவரின் வேலை இருக்கிறது. "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னவர் உண்மைக்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அந்தக் கணக்குக்குப் பெயர் ஃபிப்-4. அதற்குத் தேவையான நான்கு எண்களும் உங்கள் கையில் உள்ள தாளிலேயே இருக்கின்றன: வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், ரத்தத் தட்டணுக்கள். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தைத் தட்டணு எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உங்கள் கணவருக்கு வயது 47, ஏ.எஸ்.டி. 40, பெருக்கினால் 1880. ஏ.எல்.டி. 64, அதன் வர்க்கமூலம் 8, தட்டணு 240, பெருக்கினால் 1920. வகுத்தால் 0.98. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லையை 2 என்று வைத்துக்கொள்கிறோம். 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரிடம் அனுப்பியாக வேண்டும். சகோதரி, உங்கள் கணவர் பாதுகாப்பான பக்கத்தில்தான் நிற்கிறார்.

இதே கணக்கு வேறுவிதமாகவும் வரும். கிரேட் 1 என்பதால் அலட்சியமாக விடப்பட்ட 58 வயது அம்மா ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 62, ஏ.எல்.டி. 49, தட்டணு 160. விடை 3.2. தட்டணு 160 என்பது ஆய்வுக்கூடத்தின் கணக்கில் இயல்புதான். சிவப்பு மையில் கோடு விழாது. ஆனால் கல்லீரல் இறுகும்போது அதன் வழியாகப் போக வேண்டிய ரத்தம் தேங்கி, மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் மெல்லக் குறைந்து வரும் தட்டணு எண்ணிக்கை அந்த இறுக்கத்தின் அடையாளம். அதேபோல், ஏ.எல்.டி. இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி கொள்வதும் தவறு. தழும்பு முற்றியவர்களில் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும்.

கணக்கின் விடை 1.3-ஐத் தாண்டினால் அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போய்ப் படுத்தால், விலா இடுக்கில் கருவி மெல்லத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கொண்டு இறுக்கத்தை அளக்கும். வலி இல்லை. கிலோபாஸ்கல் என்ற அளவில் 8-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 12-க்கு மேலே என்றால் நிபுணரின் கண்காணிப்பு வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சில ஆய்வுக்கூடங்களின் வழக்கமான கல்லீரல் பரிசோதனைப் பட்டியலில் ஏ.எஸ்.டி. இருப்பதில்லை. ரத்தம் கொடுக்கும்போதே அதையும் சேர்க்கும்படி கேளுங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல். உங்கள் கணவர் அதற்கு முன்பே பிறந்தவர்.

ஆகவே ஆபத்தே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது கல்லீரலில் மட்டும் இல்லை. இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும், அடுத்து புற்றுநோய்கள், கல்லீரல் செயலிழப்பு அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. எனவே 138/86 என்ற ரத்த அழுத்தத்தையும் 6.1 என்ற சர்க்கரையையும் 'கிரேட் 2'-ஐ விடக் கூடுதல் கவனத்தோடு பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று பயந்து, கொழுப்புக் கல்லீரல் என்று கேட்டவுடனே ஸ்டேட்டினை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஸ்டேட்டின் பாதுகாப்பானது. இதயத்தைக் காக்க அது அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

இனி செய்ய வேண்டியது. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 குறைந்தால் அழற்சி தணியும். 10 குறைந்தால் தழும்பே பின்வாங்கக்கூடும். கியூபாவில் 293 நோயாளிகளை 52 வாரங்கள் பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 10 விழுக்காடு குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பு குறைந்தது. ஆனால் அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தது பத்தில் ஒருவரால்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கணவரின் 84 கிலோவில் 5 விழுக்காடு என்பது 4 கிலோவும் கொஞ்சமும். ஆறு மாதத்தில் அதை எட்டினால் போதும். பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு கிலோ என்று இறக்கினால் பித்தப்பைக் கல் வரும். கல்லீரல் அழற்சியும் கூடிவிடலாம்.

அந்த 4 கிலோ எங்கிருந்து குறையும் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்த வரையில் முதலில் கை வைக்க வேண்டியது தே தாரேக் கிளாஸில்தான். மாமாக் கடையில் கலக்குபவரின் கையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள்: கிளாஸின் அடியில் விரற்கடை உயரத்துக்கு வெண்மையாய், கெட்டியாய்ப் பால் படிகிறது, அதன் மேல்தான் தேநீர் இறங்குகிறது. அந்தப் பாலும் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. ஒரு கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்றால் 20 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரவு வேலையில் விழித்திருப்பதற்காக மூன்று கிளாஸ் குடித்தால் அது 60 கிராம். 2019 ஜூலை முதல் அரசு விதிக்கும் சர்க்கரை வரி, புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கும் பானங்களுக்கு உரியது. கடையில் ஆற்றிக் கொடுக்கும் கிளாஸை அது தொடுவதில்லை. 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்வது நல்ல தொடக்கம், ஆனால் அது முடிவாகிவிடக் கூடாது. ஒரு மாதத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' வரை வந்துவிடலாம். 'கோப்பி ஓ கோசோங்' இன்னும் நல்லது: காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் ஒருமித்துச் சொல்கின்றன. சர்க்கரையும் பாலும் சேராத காப்பிக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, இரவு வேலை முடிந்து விடியலில் சாப்பிடும் நாசி கண்டார், அதாவது குழம்புகள் ஊற்றிய சோறு. நான் பினாங்குக்காரி; அதைச் சாப்பிடவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மாதம் இரண்டு முறை என்று வைத்துக்கொண்டு, சோற்றைப் பாதியாக வாங்கி, குழம்பை 'பஞ்சிர்' (வெள்ளம்) ஆக்காமல் ஓரமாக ஊற்றச் சொல்லி, வெண்டைக்காயும் முட்டைக்கோஸும் கேட்டு, பொரித்த கோழிக்குப் பதில் குழம்பு மீன் எடுத்துக்கொண்டால் தட்டே மாறிவிடும். வீட்டுச் சாப்பாட்டில் தட்டின் பாதி காய்கறி, கால் பங்கு மீன் அல்லது பருப்பு அல்லது முட்டை, கால் பங்கு சோறு. உடல் உறங்க வேண்டிய நேரத்தில் சாப்பிடும்போது அதே சோறு சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும் என்பதால், சுழல்முறை வேலைக்காரர்கள் கனமான சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்பே முடித்துக்கொண்டு, நடு இரவுக்கு அவித்த கடலையோ முட்டையோ கையோடு கொண்டுபோவது நல்லது. குறட்டையும் பகல் தூக்கமும் அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் இந்த நோயும் ஒன்றாகவே வருவதுண்டு.

நடையைப் பற்றி: வாரத்துக்கு 150 நிமிடம், பேசலாம் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது என்பதால் தராசு அசையவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை வாரம் இருமுறை ஏறி இறங்கும் ஒரு தம்பதியர் என் நோயாளிகள். முதல் நாள் எட்டு இடத்தில் உட்கார்ந்தார்கள், நான்காவது மாதம் ஓரிடத்தில். முழங்கால் இடம் கொடுக்காதவர்களுக்குக் கீழேயே தாவரவியல் பூங்கா இருக்கிறது. தசை வலுவாக இருந்தால் சர்க்கரையை அது வாங்கிக்கொள்ளும்; ஆகவே வாரம் இரண்டு நாள் எடை தூக்குவதோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ சேர்ந்தால் நல்லது.

மருந்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இந்த நோய்க்கென்றே முதல் மருந்தாக ரெஸ்மெடிரோம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் செமாகுளுட்டைட் ஊசிக்கு 2025 ஆகஸ்டில் அங்கே இந்த நோய்க்காகவும் அனுமதி கிடைத்தது. இரண்டுமே தழும்பு இரண்டாம், மூன்றாம் நிலையில் உள்ளவர்களுக்கானவை. 0.98 என்ற விடையோடு இருக்கும் உங்கள் கணவருக்கு இப்போது அவை தேவையில்லை.

மாமியார் சொல்லும் கீழாநெல்லி பற்றி மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தது அது; அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் கல்லீரல் கொழுப்பை அது கரைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இயற்கையானது எல்லாம் கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்பதும் இல்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். மஞ்சள் சாற்றை மாத்திரையாக்கி அதிக அளவில் உட்கொண்டவர்களுக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. 'கல்லீரலைக் கழுவும் பானம்' என்று நேரடி விற்பனையில் முந்நூறு வெள்ளிக்கு வரும் பொட்டலங்களை வாங்கவே வேண்டாம். அந்த முந்நூறு வெள்ளிக்கு எத்தனை மாதம் மீனும் காய்கறியும் வாங்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் பொட்டலத்தோடு மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், மறைக்க வேண்டாம்.

மகனுக்கு வருமா என்றால், குருதி வழியும் வரலாம், ஒரே சமையலறை வழியும் வரலாம். பையனுக்கு எடை அதிகமாக இருந்தாலோ, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட் போல இருந்தாலோ அவனுக்கும் ஒருமுறை ஏ.எல்.டி.யும் சர்க்கரையும் பாருங்கள். அந்தக் கறுப்பை அழுக்கென்று எண்ணி எத்தனையோ தாய்மார்கள் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்; அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். அவனுக்குத் தனியாகப் பத்தியம் வைக்காமல், அப்பாவுக்காக மாறும் தட்டே எல்லோருடைய தட்டாகவும் இருக்கட்டும். குளிர்பெட்டியில் இனிப்புப் பானம் இல்லையென்றால் யாரும் யாரையும் கண்டிக்க வேண்டிய அவசியம் வராது.

கண் மஞ்சளித்தல், வயிறோ காலோ வீங்குதல், ரத்த வாந்தி, கருநிற மலம், நினைவு தடுமாறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கணவருக்கு அப்படி எதுவும் வரும் நிலையில்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே அவ்வப்போது ஒரு பாரம் தோன்றலாம், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறுபடி பாருங்கள். இனிப்புநீரின் விளிம்பில் இருப்பவர் என்பதால் ஃபிப்-4 கணக்கை ஓராண்டு முதல் ஈராண்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் தனியார் மருத்துவமனைதான் என்றில்லை. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிக் கட்டணத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, இடுப்பளவு, தட்டணு, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று கட்டம் போட்டு, இந்த முறை எண்களை முதல் வரியில் எழுதி வையுங்கள். இடுப்பை அளக்கும்போது நாடாவைக் கால்சட்டைப் பட்டி இருக்கும் இடத்தில் பிடிக்காமல், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பிடித்து, அவர் மூச்சை விட்ட பிறகு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.